தேனு மெல்லுகிறாள்

திகன,
பெப்ரவரி 22

அன்புள்ள அத்தானுக்கு,

நிஷாந்தினி எழுதுகிறேன். கடிதம் என்றதும் பதறிவிடாதீர்கள், வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை. நான் சுகம். ஹேவாஹெட்டயில் அக்கா வீட்டிலும் எல்லோரும் சுகம். நீங்கள் சுகமா என்று போனில் கேட்டால் "ம்" என்று ஒரு சத்தம் வருகிறது. அதைச் சுகம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். குதிரை என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்தால் போதும், அந்தப் பக்கம் லைன் கட்டாகிவிடுகிறது. பிறகு கேட்டால் டோஹாவில் சிக்னல் சரியில்லை என்கிறீர்கள். சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது. காகிதத்தைக் கட் பண்ண முடியாதே. கடைக்கார நஸீம் நானாவின் மச்சான் லீவு முடிந்து அடுத்த வாரம் டோஹாவுக்குத் திரும்புகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே சீனிச்சம்பல் ஒரு போத்தல். சம்பலை எடுத்துக்கொண்டு கடிதத்தை வீசிவிடாதீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். தேனுவுக்கு ஊசி போட்டு உயிரை முடித்துவிடலாம் என்று நோனா சொல்லிவிட்டார். குதிரையும் அவருடையது, சவாரிக் கொட்டிலும் அவருடையது, அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஒக்டோபரில் சவாரிக்கு வந்த அந்தப் பிள்ளை முதுகிலிருந்து விழுந்த நாளிலிருந்து தேனு கேட்டைத் தாண்டவில்லை. கேட்டிலிருந்து பெரிய ரோட்டு முச்சந்திக்கு இறங்கும் பாதை உங்களுக்குத் தெரியும், எட்டு வைத்து நடந்தால் நூறு கூட வராது. அதில் கால் வைத்தாலே உடம்பு நடுங்கி வியர்க்கிறது. நீங்கள் போன பிறகு இரண்டு பேர் ஏறிப் பார்த்தார்கள். ஒருவரைக் கேட்டிலேயே இறக்கிவிட்டாள், மற்றவரைச் சேற்றில் இறக்கினாள். வாங்க வந்த பென்தோட்டைக்காரர் பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நோனா கெட்டவர் இல்லை. இங்கே சவாரிக்கு வருபவர்களில் பாதிப்பேர் பிள்ளைகள். "போன தடவை கை முறிந்தது, அடுத்த தடவை கழுத்து என்றால் நான் யாருக்குப் பதில் சொல்வது?" என்று கேட்டார். நுவரெலியா பந்தயத் திடலிலிருந்து தேனு லொறியில் வந்த அன்று, மழையில் நனைந்தபடி அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டே நீங்கள் வந்தது எனக்கு ஞாபகம் வந்தது. நோனா ஹனி என்று பலகை எழுதி மாட்டினார். நீங்கள் தேனு என்று கூப்பிட்டீர்கள். அவள் இன்றைக்கும் அதற்குத்தான் காது திருப்புகிறாள்.

ஊசி போடக் கூப்பிட்ட மிருக வைத்தியர்தான் அதைத் தடுத்தார். ரிஸ்னா டொக்டர் என்று பெயர், கண்டியிலிருந்து வருகிறார், என் வயதுதான் இருக்கும். தேனுவைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பிறகு நோனாவிடம், மே மாதம் வெசாக் பண்டிகை வரைக்கும் எனக்குத் தாருங்கள் என்று கேட்டார். வெசாக்கிற்கு முந்திய சனிக்கிழமை, முதுகில் ஒரு ஆளோடு தேனு முச்சந்தி வரை இறங்கிப் போய், அங்கே ஐந்து நிமிடம் நின்று, நடந்தே திரும்பி வர வேண்டும். நோனா நேரில் பார்ப்பார். முடியாவிட்டால் டொக்டரே ஊசி போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பயிற்சியை யார் செய்வது என்று கேட்டபோது நான் செய்கிறேன் என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்றே தெரிந்தது.

டொக்டர் சொல்லித்தந்த முறை விசித்திரமானது. பயந்த குதிரையை இழுத்துக்கொண்டு போய்ப் பயந்த இடத்தில் நிறுத்தினால் பயம் போய்விடும் என்றுதானே நாம் எல்லோரும் நினைக்கிறோம்? அது தவறாம். வாளியில் கொள்ளு வைத்துக்கொண்டு தூரத்தில் நிற்க வேண்டுமாம். அவள் மென்றுகொண்டிருக்கும்வரை பயம் இல்லை. வாய் நின்றால் அந்த இடத்தோடு சரி, இரண்டு எட்டுப் பின்னுக்கு வர வேண்டும். "அது பயப்பட முந்தியே நீங்க திரும்பிடணும். திரும்பலாம் எண்டு தெரிஞ்சாத்தான் அது முன்னுக்கு வரும்" என்கிறார். ஒரு கொப்பியும் தந்திருக்கிறார். எந்த நாள், எத்தனை மணி, எங்கே வாய் நின்றது, அப்போது பக்கத்தில் என்ன இருந்தது, எல்லாம் எழுத வேண்டும். பெரிதாகப் பயந்தால் சிவப்புப் பேனை.

எல்லாம் பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பணிஸும் விற்க வரும் அந்த த்ரீவீலரால் வந்த வினை. அன்றைக்குச் சந்தியில் அது திரும்பாமல் இருந்திருந்தால் இன்று நீங்கள் டோஹாவில் குளிர் அறைக்குள் பழப்பெட்டி தூக்கிக்கொண்டிருக்க மாட்டீர்கள். அதனால் முதலில் அந்தப் பாட்டைத்தான் பழக்கப் போகிறோம்.

நான் என் பக்கத்துக் காவலையும் விடவில்லை. செவ்வாய், வெள்ளி தவறாமல் பின்னேரம் தேனுவுக்குச் சுற்றிப் போடுகிறேன். காய்ந்த மிளகாய், கல் உப்பு, கடுகு, முச்சந்தி மண், எல்லாம் நீங்கள் இருந்தபோது செய்த மாதிரியேதான். கொட்டில் பக்கம் நெருப்பே கூடாது என்று நோனா சொல்லியிருப்பதால் தேங்காய்ச் சிரட்டையில் தணல் எடுத்துக்கொண்டு அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்துச் செய்கிறேன். இங்கே வந்த மூன்றாம் நாளே வயிற்று வலியில் உருண்டவளை எழுப்பி நிறுத்தியது எது என்று நமக்குத் தெரியும். எத்தனை கண் அவள் மேல். தோட்டத்து லயத்திலிருந்து வந்தவனுக்கு இப்படி ஒரு வேலையா, இப்படி ஒரு குதிரையா என்று உங்கள் மேலும் எத்தனை கண்.

உங்கள் வலது உள்ளங்கை ஆறிவிட்டதா? கயிறு உரசிய காயம் இவ்வளவு நாள் எடுக்காது. குளிரில் வெடிக்கும், எண்ணெய் தடவுங்கள். அன்று கயிறு நழுவியது உங்கள் பிழை என்று நோனாவிடம் நீங்களே போய்ச் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. யார் கேட்டார்கள் உங்களை? கோபம்தான் வருகிறது.

கதிர்காமத்து முருகன் உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
நிஷாந்தினி

*

திகன,
ஏப்ரல் 17

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்ததா என்று கேட்டேன், சம்பல் காரம் என்றீர்கள். கிடைத்திருக்கிறது.

புத்தாண்டு வந்து போனது. அக்கா கொக்கிஸ் சுட்டு அனுப்பியிருந்தாள். நோனா வாழைப்பழமும் கிரிபத் பாற்சோறும் கொடுத்தார். இடது கால் பெருவிரல் நகம் போய்விட்டது, அதனால் செருப்புப் போட முடியவில்லை. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் கோபப்படாதீர்கள்.

பாண் பாட்டைப் போனில் பதிந்து வைத்தேன். முதல் நாள் தோட்டத்தின் மறு கோடியில் வீரய்யா அண்ணன் புல் வெட்டும் இடத்தில் போனை வைத்து, காதுக்கு எட்டியும் எட்டாமலும் போட்டோம். தேனு மென்றாள். அடுத்த நாள் பத்து எட்டுக் கிட்டே. வாய் நின்றது, போனை எடுத்துக்கொண்டு பின்னுக்குப் போனோம். இப்படியே மூன்று வாரம். இப்போது அந்தப் பாண்காரர் கேட்டுக்குப் பக்கத்திலேயே த்ரீவீலரை நிறுத்தி எனக்கு மீன் வைத்த மாலுபாண் விற்கிறார், இவள் பக்கத்தில் நின்று புல் மெல்லுகிறாள். பொலித்தீன், குடை, பஸ் ஹோர்ன், எல்லாம் அப்படியே பழகிவிட்டது. வீரய்யா அண்ணன் உரப் பையை உதறிக்கொண்டு ஆடுகிறார், அவரைப் பைத்தியம் என்று பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறாள்.

நான் ஏறினேன். இதைப் போனில் சொல்லாமல் ஒளித்துவிட்டேன். முதலில் முதுகின் மேல் குறுக்கே படுத்தேன், பிறகு உட்கார்ந்தேன், பிறகு வீரய்யா அண்ணன் கயிற்றைப் பிடிக்க முற்றத்தில் நடந்தோம். ஆட்கள் போன பிறகு பின்னேரங்களில் நீங்கள் எனக்குச் சொல்லித்தந்ததுதான் எல்லாம். குதிகால் கீழே, கண் தூரத்தில், மூச்சைப் பிடிக்காதே. நான் மூச்சைப் பிடித்தால் உடனே அவளும் பிடிக்கிறாள், சேணத்துக்குக் கீழே விலா நிற்பது காலில் தெரிகிறது. திட்டுங்கள், தூரத்தில்தானே இருக்கிறீர்கள்.

ஆனால் சந்தி வரைக்கும் வரமாட்டாள் அத்தான். பாதையில் இறங்குகிறாள், பாதி வருகிறாள். சந்தியில் இருக்கும் லைட் கம்பத்துக்கு முப்பது எட்டுத் தூரம் இருக்கும்போது நின்றுவிடுகிறாள். பாண் வண்டி இல்லை, பஸ் இல்லை, ஒரு நாய் கூட இல்லை. கழுத்து மரம் மாதிரி ஆகிறது, மூக்கு விரிகிறது. கம்பத்தின் அடியையே பார்க்கிறாள். அங்கே ஒன்றுமே இல்லை. பாண் பாட்டை நன்றாகப் பழகிவிட்டாள் என்று நான் சொன்னபோது டொக்டர் சந்தோஷப்படவில்லை. "அப்ப அது இல்ல. வேற ஏதோ ஈக்கி" என்றார். இருக்கு என்பதை ஈக்கி என்றும் சொல்லு என்பதைச் செல்லு என்றும்தான் அவர் பேச்சு.

புத்தாண்டு அன்று காலையில் சுற்றிலும் வெடி. நான் கொட்டிலுக்குள் அவளோடு நின்றேன். முதல் சரத்துக்கே பின்னுக்குப் பாய்ந்து என்னைச் சுவரோடு சேர்த்து அழுத்தி என் காலை மிதித்துவிட்டாள், நகம் அப்போது போனதுதான். கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை விட்டேன். கால் மணி நேரத்தில் வெடி ஓய்ந்தது. ஒரு மணி நேரத்தில் அவள் புல் மென்றாள். இவ்வளவு பெரிய சத்தத்துக்கு ஒரு மணி நேரம்தான்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. அன்று திங்கட்கிழமை. ஆனாலும் அவ்வளவு பயந்தவளுக்குச் சுற்றிப் போடாமல் இருக்க முடியுமா? பின்னேரம் சிரட்டையோடு போனேன். சுற்றிவிட்டுத் தணலில் போட்டேன், உப்பு படபடவென்று வெடித்தது. அத்தான், காலையில் வெடிச்சரத்தைத் தாங்கியவள் அந்தச் சின்னச் சத்தத்துக்குக் கதவுக் குறுக்குக் கட்டையை முறித்துவிட்டாள். முன்னங்கால் இரண்டும் கதவுக்கு மேலே வந்தன. வாயில் நுரை. அன்றிரவு முழுவதும் கொள்ளைத் தொடவில்லை, என் கையைத் தொடவில்லை.

நேற்று டொக்டர் வந்து கொப்பியைப் புரட்டினார். வேகமாகப் புரட்டியவர் பிறகு மெதுவாகப் புரட்டினார். சிவப்புப் பேனை விழுந்த நாட்களை விரல் வைத்து எண்ணினார். "செவ்வா, வெள்ளி. செவ்வா, வெள்ளி. இந்த ரெண்டு நாளும் பின்னேரத்தில இங்க என்ன நடக்குது?" என்று கேட்டார். ஒன்றும் நடப்பதில்லை, நான் கோயிலுக்குப் போகும் நாள் என்றேன். என்னையே பார்த்தார். "குதிர பொய் செல்லாது, நிஷாந்தினி. கொப்பியில எழுதாத ஒண்டு ஈக்கி" என்றார். தேனு கொட்டில் கதவுக்கு மேலாகத் தலையை நீட்டி நின்றாள். அவள் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை.

இன்று வியாழன். நாளை நான் சுற்றிப் போடப் போவதில்லை. கை சும்மா இருக்குமா என்று தெரியாது. சுற்றாமல் விட்டு அவளுக்கு ஏதாவது நடந்துவிட்டால் என்ற பயமும் இருக்கிறது, சுற்றியதால்தான் எல்லாம் நடந்ததோ என்ற பயமும் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தி அந்தப் பிள்ளை விழுந்த நாளும் வெள்ளிக்கிழமைதான்.

இன்னும் இருபத்துமூன்று நாள் இருக்கிறது. இதற்கு மேல் இப்போது எழுத வரவில்லை. குளிர் அறைக்குள் போகும்போது மறக்காமல் தொப்பி போடுங்கள். எனக்காக ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள், என்ன ஏது என்று கேட்காமல்.

அன்புடன்,
நிஷாந்தினி

*

திகன,
மே 11

அன்புள்ள அத்தானுக்கு,

இதை நின்றுகொண்டு படிக்காதீர்கள். வேலை முடிந்து, கட்டிலில் உட்கார்ந்து படியுங்கள். தேனு உயிரோடு இருக்கிறாள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் சுற்றிப் போடுவதை நிறுத்தினேன். அந்த வெள்ளி, அடுத்த செவ்வாய், அதற்கடுத்த வெள்ளி, கொப்பியில் சிவப்பு விழவில்லை. பின்னேரம் நான் வந்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறவள் என் தோளில் மூக்கை வைத்தாள். எனக்கு அழுகை வந்தது. இருந்தும் மனம் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் ஒரு நாள் நல்ல வெயில் நேரத்தில் குசினியிலிருந்து ஒரு வெறும் சிரட்டையை எடுத்துக்கொண்டு போனேன். தணல் இல்லை, மிளகாய் இல்லை, தேங்காய் துருவி வைத்த சிரட்டை. அதைப் பார்த்ததும் தேனு பின்சுவர் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டு நடுங்கினாள். நான் அங்கேயே வைக்கோல் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளை விழுந்த அந்த வெள்ளிக்கிழமையை உங்களுக்கு எழுதுகிறேன். இத்தனை மாதமும் எனக்கு நானே சொல்லாதது. அன்று கண்டி டவுனிலிருந்து அந்தக் குடும்பம் வருவதாக இருந்தது. அந்தப் பிள்ளைக்கு முதல் சவாரி. முந்திய நாளே தேனுவைக் குளிப்பாட்டி வால் பின்னி வைத்திருந்தீர்கள், ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். பின்னேரம் வரைக்கும் பொறுக்க எனக்கு மனமில்லை. காலையிலேயே சுற்றினேன். ராத்திரி பெய்த மழையில் கரி ஈரம், தணல் பிடிக்கவில்லை, மிளகாய் கமறவும் இல்லை. நோனா எழுந்து வரும் சத்தம் கேட்டது. சிரட்டையை அப்படியே எடுத்துக்கொண்டு ஓடி முச்சந்தியில், லைட் கம்பத்தின் அடியில் வைத்துவிட்டு வந்தேன். எப்படியும் முச்சந்தியில் போட வேண்டியதுதானே என்று நினைத்தேன். அணைந்துவிடும் என்று நினைத்தேன்.

அணையவில்லை. வெயில் ஏறியதும் கரி காய்ந்து பிடித்திருக்கிறது. நீங்கள் பிள்ளையை ஏற்றிக்கொண்டு கயிற்றைப் பிடித்து அந்தக் கம்பத்துக்குக் கிட்டே வந்தபோது உப்பு வெடித்திருக்கிறது, மிளகாய்ப் புகை தேனுவின் மூக்கில் ஏறியிருக்கிறது. அதே நேரம் பாண் வண்டியும் திரும்பியது. எல்லோரும் பாண் வண்டியைப் பார்த்தார்கள். நானும் அதையே பார்த்தேன், எனக்கு அது வசதியாக இருந்தது. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு நான் சந்திக்கு ஓடினேன். சிரட்டையை எடுத்து ஒளிப்பதற்குத்தான் ஓடினேன், வேறெதற்கும் இல்லை. அங்கே சிரட்டை இல்லை. நாய் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் நோனா முன்னால் தலை குனிந்து நின்றபோது நான் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் கொப்பியை வாங்கி, புதுப் பக்கம் திருப்பி, மேலே சிரட்டை என்று எழுதினார். "இப்பதான் நாங்க சரியான எடத்தில ஈக்கிறோம். எத்தின நாள் மிச்சம்?" என்றார். பத்து நாள் என்றேன்.

அந்தப் பத்து நாளும் நான் எப்படிச் சாப்பிட்டேன், எப்படித் தூங்கினேன் என்று கேட்காதீர்கள். சிரட்டையை முற்றத்தின் மறு கோடியில் வைத்து ஆரம்பித்தோம். பிறகு அதிலேயே கொள்ளு போட்டு வைத்தோம். முதல் இரண்டு நாள் பசியோடு நின்றாளே தவிரக் கிட்டே வரவில்லை. மூன்றாம் நாள் கழுத்தை நீட்டி, உதட்டின் நுனியால் நாலு கொள்ளு எடுத்துக்கொண்டு ஓடினாள். ஆறாம் நாள் சிரட்டையை நக்கிக் கவிழ்த்துவிட்டாள். அதற்குப் பிறகு தூரத்தில் வீரய்யா அண்ணன் தாச்சியில் உப்பு வறுத்தார். மிளகாய் மட்டும் போடவில்லை, அந்தப் புகை யாருக்கும் ஆகாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். தாச்சி கேட் வரைக்கும் வந்தது. ஆனால் சந்தியில், அந்தக் கம்பத்தடியில் தணல் வைத்துப் பார்க்க நாள் போதவில்லை.

அந்தக் கம்பத்தடியில் சிரட்டை இல்லாமல் சவாரி போனால் அது ஏமாற்று என்று டொக்டர் சொன்னார். சிரட்டை வைத்தால் ஏன் என்று நோனா கேட்பார். எனவே வெள்ளிக்கிழமை பின்னேரம், நான் இத்தனை வருடம் சுற்றிப் போட்ட அதே நேரத்தில், நோனாவின் முன்னால் போய் நின்று எல்லாம் சொன்னேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், அழாமல் சொன்னேன். அவர் கதிரையிலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டார். கதவு சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது. சவாரி உண்டா, ஊசியா என்று தெரியாமலே விடிந்தது.

நேற்று காலை எட்டு மணிக்கு நோனா கேட்டில் வந்து நின்றார். டொக்டர் தன் பையோடு வந்திருந்தார். அந்தப் பைக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். வெசாக் விளக்குக் கூடுகளை முன்வீட்டுக்காரர்கள் ரோட்டோரமாகக் கட்டியிருந்தார்கள், கடதாசி வால்கள் காற்றில் பறந்தன. அதற்கு அவளை யாரும் பழக்கவில்லை. வீரய்யா அண்ணன் கம்பத்தின் அடியில் தணலை ஊதிக்கொண்டிருந்தார்.

நான் ஏறி உட்கார்ந்தேன், பாதி வழி வரைக்கும் நன்றாக வந்தாள். அந்த முப்பது எட்டில் நின்றாள். வாய் நின்றது. காலுக்குக் கீழே அவள் இதயம் அடிப்பது எனக்குக் கேட்கவே கேட்டது, என்னுடையதோ அவளுடையதோ தெரியவில்லை. குதிகாலால் ஒரு தட்டுத் தட்டச் சொல்லி எல்லோருடைய கண்ணும் சொன்ன மாதிரி இருந்தது. நான் தட்டவில்லை. கடிவாளத்தைத் தளர்த்தி, இரண்டு எட்டுப் பின்னுக்கு எடுத்தேன். நோனா பெருமூச்சு விட்டது கேட்டது. மூச்சை விட்டேன், முழுதாக, நீங்கள் சொல்லித்தந்த மாதிரி வயிறு வரைக்கும். தேனு ஒரு காதை என் பக்கம் திருப்பினாள். பிறகு அவளாகவே ஒரு எட்டு வைத்தாள். இன்னொன்று. கம்பத்துக்கு ஆறு எட்டு இருக்கும்போது உப்பு வெடித்தது.

அவள் உடம்பு முழுவதும் ஒரு தடவை சுருங்கியது. நான் விழுந்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஆனால் கால்கள் நான்கும் நின்ற இடத்தில் நின்றன. மறுபடி வெடித்தது. அவள் மூக்கால் புஸ் என்று ஊதினாள், கழுத்தை இறக்கினாள், சிரட்டையைப் பார்த்தாள். அதில் கொள்ளு இருக்கிறதா என்று பார்த்தாள் அத்தான்! அப்புறம் கடிவாள இரும்பை வாய்க்குள் உருட்டி மெல்ல ஆரம்பித்தாள். ஐந்து நிமிடம் நின்றோம். டொக்டர் கையில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார், கண்ணைத் துடைக்க மறந்துவிட்டார். திரும்பி வரும்போது நடந்தே வந்தாள், ஒரு எட்டும் ஓடவில்லை.

இனி நான் எழுத வந்தது. வீரய்யா அண்ணன் சிரட்டையை ஒரு ஈரச் சாக்கால் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். எதற்கு அண்ணே இவ்வளவு பத்திரம் என்று விளையாட்டாகக் கேட்டேன். "பின்ன என்ன, தம்பி மாதிரி வெறுங்கையில தூக்கச் சொல்றியா? அன்னைக்கு அது கொதிக்கக் கொதிக்கப் புடிச்சு எடுத்துக் கானுத் தண்ணிக்குள்ள அமுக்குச்சே, நான் புல்லுக்கட்டோட மேல நின்னு பாத்தேன். சாமி காரியம், நமக்கு எதுக்குன்னு வாயத் தொறக்கல" என்றார்.

கயிறு உரசினால் காயம் நீளமாக இருக்கும். உங்கள் கையில் இருந்தது வட்டம். பத்து நாள் அதற்கு மருந்து போட்டவள் நான், ஒவ்வொரு நாளும் பார்த்தவள், ஒரு நாளும் கேட்கவில்லை. நீங்களும் கயிறு என்று சொன்னீர்கள், நானும் கயிறு என்று நம்பினேன். சிரட்டையை வழியிலிருந்து எடுக்கக் குனிந்தபோதுதான் கயிறு நழுவியதா, இல்லை எல்லாம் முடிந்த பிறகு எனக்காக எடுத்து ஒளித்தீர்களா? எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் குதிரை என்ற வார்த்தைக்கு நீங்கள் ஏன் போனைக் கட் பண்ணினீர்கள் என்று இப்போது தெரிகிறது. இன்னும் ஒரு நிமிடம் பேசினால் நான் கேட்டுவிடுவேன், நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்றுதானே? என்னைக் காப்பாற்ற உங்களுக்குப் பிடித்த ஒரே வேலையை விட்டுவிட்டு, குதிரை வாசமே இல்லாத இடத்தில் போய் ஒளிந்துகொண்டீர்கள். நான் உங்கள் மேலேயே கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நோனா இன்று காலை கூப்பிட்டார். தேனு இருப்பாள் என்றார். அந்தப் பிள்ளையின் வீட்டுக்குத் தானே போய் நடந்ததைச் சொல்வதாகவும், நானும் கூட வர வேண்டும் என்றும் சொன்னார். பிள்ளையின் கை முழுதாகக் குணமாம், மறுபடி பியானோ வாசிக்கிறதாம். உங்களுக்கு உங்கள் வேலை திரும்ப உண்டு. எனக்கு இங்கே குசினி வேலை இனி இல்லை. மாதக் கடைசியோடு போக வேண்டும், இனி நான் கொட்டிலுக்குள் கால் வைக்கக் கூடாது. அது நியாயம்தான், நான் எதிர்த்துப் பேசவில்லை. நஸீம் நானா கடையில் சாமான் நிறுத்துக் கட்ட ஆள் தேவை என்று அவர் மனைவி றலியா சொல்லியிருக்கிறார், அங்கே போவேன். தேனுவுக்குக் கொள்ளு அந்தக் கடையிலிருந்துதானே வருகிறது, நிறுக்கும்போது அவளை நினைத்துக்கொள்வேன்.

அவளைப் பழக்கியதில் எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. பயந்த இடத்திலிருந்து திரும்பி வரலாம். இரண்டு எட்டுப் பின்னுக்கு வந்ததற்காக யாரும் அடிக்கப் போவதில்லை. வாருங்கள் அத்தான். வந்து என்னைத் திட்டுங்கள், பேசாமல் வேண்டுமானாலும் இருங்கள், ஆனால் இங்கே வந்து இருங்கள். இரண்டு எட்டுத் தள்ளி நின்று காத்திருக்க எனக்கு இப்போது தெரியும்.

இந்தக் கடிதம் போன தடவை மாதிரி ஆள் கையில் வரவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து இன்றே அனுப்புகிறேன். நாளை பின்னேரம் நோனா உங்களுக்கு போன் எடுப்பார். எடுத்ததும் முதல் வார்த்தையே குதிரை என்றுதான் சொல்வார். கட் பண்ணிவிடாதீர்கள்.

அந்தக் கை ஆறட்டும்.

உங்கள்,
நிஷாந்தினி